கச்சான் காற்றில் ஃப்ளை வீசுவது: காசல்ரீக் கரையில் பழகிவிட்டுப் போகலாமா?

டிக்கோயா தூண்டில் கேட்டது:

வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் நாலு நாள் கிழக்குக் கரைக்கு இறங்கத் திட்டம். பதுளை, பசறை, மொனராகலை வழியாகப் பொத்துவில், அங்கிருந்து மட்டக்களப்பு. ஃப்ளை (மயிரும் இறகும் கட்டிய லேசான போலி இரை) வீசிப் பாரை மீனும் கட்டா மீனும் பிடிப்பதுதான் குறி. களப்பில் கொடுவா அகப்பட்டால் லாபம்.

சாமான் விபரம்: 9 அடி 8 வெய்ட் ரொட் (வெய்ட் என்பது வீசுகிற லைனின் நிறை எண்), வெப்பமண்டலக் கடலுக்கென்று விற்கிற மிதக்கும் லைன், லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் 9 அடி லீடர், அதன் நுனியில் 16 இறாத்தல் தாங்கும் தங்கூசி. வீசிப் பழக்கமெல்லாம் 5 வெய்ட்டில், மலை ஆற்று ட்ரவுட் மீனுக்கு மட்டும்.

இப்போது இங்கே ஓயாத மழையும் காற்றும். காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் பழகினால் லைன் ரீலிலிருந்து ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு வருகிறது. லீடரில் அரை மணிக்கு ஒரு முடிச்சு. எதிர்காற்றில் முன்வீச்சு பாதியிலேயே சரிந்து காலடியில் குவிகிறது. 9 வெய்ட் லைன் போட்டால் சரியாகுமா? இங்கே பழகுவது கடலுக்கு உதவுமா, இல்லை வீண் வேலையா? காற்று அடிக்கும்போது கடலில் எங்கே நிற்பது என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியா மூடுபனி:

தம்பி, நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுதான் காற்றின் குற்றம்.

முதலில் சுருள். அந்த லைனை 30 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் விறைப்பு குறையாமல் நிற்கத்தான் செய்திருக்கிறார்கள். நம் குளிரில் ரீலில் கிடந்த வளைவை அப்படியே பிடித்துக்கொள்ளும். லைனில் பழுதில்லை, மட்டக்களப்புக் கல்லடியில் அதே லைன் நேராகக் கிடக்கும். இங்கே பழகுகிற நாளில் நுனியை ஒரு வேலிக் கம்பத்தில் கட்டிவிட்டு 25 மீற்றர் வரை உருவிக்கொண்டு பின்னால் நடங்கள். பிறகு கைக்கெட்டிய அளவு பகுதி பகுதியாக இரண்டு கைக்கும் நடுவில் பிடித்து, மெல்ல இழுத்துப் பத்து செக்கன் வையுங்கள். இழுவையில் கொஞ்சம் நீண்டு கொடுப்பது விரலுக்கே தெரியும். வெடுக்கென்று இழுத்தால் மேற்பூச்சு வெடிக்கும். இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள்: ட்ரவுட்டுக்கு வைத்திருக்கிற லைனைக் கிழக்கே கொண்டுபோனால் வெயிலில் தளர்ந்து ரொட் வளையங்களில் ஒட்டும், ஒரு வீச்சும் ஓடாது.

அடுத்தது முடிச்சு. எல்லோரும் இதைக் காற்று முடிச்சு என்கிறார்கள். காற்று எங்கே முடிச்சுப் போடுகிறது? முன்வீச்சை ஆரம்பத்திலேயே பலமாக அடிப்பதால் ரொட் நுனி நடுவழியில் தாழ்கிறது. நுனி தாழ்ந்தால், பறக்கும் லைன் வளைந்து திரும்புகிற வளையத்தின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தை வெட்டிக்கொண்டு போகும், அதுதான் முடிச்சாகிறது. எதிர்காற்றைக் கண்டதும் கை தானாக அவசரப்படும், அதனால்தான் காற்று நாளில் கூடுதலாக விழுகிறது. மெதுவாகத் தொடங்கி, வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, கடைசியில் டக்கென்று நிறுத்துங்கள். பலம் எல்லாம் அந்தக் கடைசி ஒரு சாணில் இருக்கவேண்டும். பத்து வீச்சுக்கு ஒருமுறை லீடரை விரலுக்குள் விட்டு உருவிப் பாருங்கள். இறுகிய ஒற்றை முடிச்சில் தங்கூசியின் பலம் பாதிக்கு அருகில் போய்விடும். நகத்தால் நோண்டாமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

இனி எதிர்காற்று. பின்வீச்சை உயரத்துக்கும் முன்வீச்சைத் தாழ்வாகவும் அனுப்பவேண்டும். பின்னால் போகும்போது காற்றே இழுத்து நீட்டித் தரும், அங்கே பலம் வேண்டியதில்லை. முன்னால் வரும்போது வளையம் தண்ணீருக்கு மேலே ஒரு மீற்றருக்குள் விரிகிற மாதிரிக் குறி வையுங்கள். வழமைபோல் தலை உயரத்தில் விரித்தால், விரிந்த பிறகு கீழே விழுகிற நேரத்தில் காற்று எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்துவிடும். இப்போது உங்களுக்கு நடப்பது இதுதான்.

இடது கை இழுவையும் கட்டாயம், முன்னுக்கும் பின்னுக்கும். ரொட் வேகம் ஏறும் கடைசித் தருணத்தில் லைனை 30, 40 சென்றிமீற்றர் சட்டென்று இழுத்து, உடனே கையை ரீல் பக்கம் திரும்பக் கொடுக்கவேண்டும். பலர் இழுப்பார்கள், கையைத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். அடுத்த வீச்சுக்குள் லைன் தொய்ந்துபோகும். இதைப் பழக ஏரியே வேண்டாம். தோட்டத்து மைதானத்தில், ஈரப் புல்லில், தூண்டில் முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி 12 மீற்றர் லைனோடு தினமும் இருபது நிமிடம் போதும். சிமெந்துத் தரையிலும் கல்ரோட்டிலும் வீசாதீர்கள், பூச்சு அரம் போட்ட மாதிரித் தேயும். தேயிலை மலைக்குப் பக்கத்திலும் வேண்டாம், கவாத்து வெட்டின குச்சி ஒவ்வொன்றும் லைனைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தண்ணீரிலிருந்து லைனைத் தூக்கி வீசுவதை மட்டும் புல்லில் பழக முடியாது, அதற்குத் தண்ணீரின் பிடி வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் கரைக்குப் போங்கள். ஆனால் அணைக்கட்டுப் பக்கமும் வான்கதவுக்குக் கீழே ஆற்றிலும் நிற்கக்கூடாது. இந்த மழைக்கு விமலசுரேந்திர, கென்யன், லக்ஷபான கதவுகள் எந்நேரமும் திறக்கும். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் இறங்கியிருந்தால் பழைய மஸ்கெலியாவின் கட்டடங்கள் தலைகாட்டுகிற பக்கம் பார்க்க நன்றாக இருக்கும், லைன் மட்டும் அந்தக் கல்லில் கிழிந்துபோகும்.

கல்லடிக் கரை:

மலைநாட்டுத் தம்பிக்கு மட்டக்களப்பிலிருந்து. நீங்கள் பழகுகிற காற்றும் இங்கே அடிக்கிற காற்றும் ஒன்றுதான். தென்மேற்கிலிருந்து வருவது உங்கள் மலையில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்து சூடாக இறங்குகிறது. நாங்கள் கச்சான் என்போம்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கடற்கரையில் கடலைப் பார்த்து நின்றால் காற்று உங்கள் முதுகில். கரையோரத் தண்ணீர் அலையில்லாமல் தட்டையாகக் கிடக்கும். எதிர்காற்றுக்கு மூடுபனி அண்ணன் சொன்னதை இங்கே தலைகீழாகச் செய்யவேண்டும்: பின்வீச்சு தாழ்வாகவும் பலமாகவும், முன்வீச்சு உயரமாக. காற்றே கொண்டுபோய்ப் போடும். முதுகுக்காற்றில் கெடுவது எப்போதும் பின்வீச்சுத்தான். அது முழுதாக விரியாமல் முன்னுக்கு அடித்தால் முள் பிடரியில் ஏறும்.

மத்தியானத்துக்குப் பிறகு கடல்காற்று எழும்பி உள்ளுக்கு அடிக்கலாம், அப்போதுதான் எதிர்காற்று. ஆகவே விடியலில் கடற்கரை, பிறகு களப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

களப்பில் காற்று அடிக்கிற பக்கம் நிற்பதா, மறைவில் நிற்பதா என்று கேட்பீர்கள். மறைவில் வீச்சு லேசு. ஆனால் சின்ன மணலை மீனும் இறாலும் காற்று தள்ளுகிற கரையில்தான் ஒதுங்கும், அதைத் தின்ன வருவதும் அங்கேதான். நடுவழி ஒன்று உண்டு: காற்று குறுக்கே ஓடுகிற ஒரு முனையில், காற்று உங்கள் இடப்பக்கமாக வருகிற மாதிரி நில்லுங்கள். வலக்கையால் வீசுகிறவருக்கு அப்போது ஃப்ளை உடம்பை விட்டு வெளியே பறக்கும்.

காற்று வலப்பக்கத்தில் என்றால் எச்சரிக்கை. லைனை இடது தோளுக்கு மேலாக வீசலாம், ஆனால் பழகாதவர் கையில் அது குழம்பும். அதைவிட நேர் வழி, கரையைப் பார்த்துத் திரும்பி நின்று கரைப் பக்கம் முன்வீச்சு வீசி, பின்வீச்சிலேயே ஃப்ளையைத் தண்ணீருக்கு விடுவது. அழகில்லை, காது தப்பும்.

மழை விழுந்து களப்பு தேத்தண்ணி நிறத்துக்கு மாறினால் உள்ளே நேரத்தை வீணாக்காதீர்கள். கலங்கலும் தெளிவும் சந்திக்கிற கோட்டைத் தேடி, அந்தக் கோட்டோடு சேர்த்து வீசுங்கள். கலங்கலில் வெள்ளை ஃப்ளையைவிடக் கறுப்போ கத்தரிப்பூ நிறமோ நிழலாகத் தெரியும்.

முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடங்கள், திருக்கை விலகிப் போகும். பொத்துவில், பாணமைப் பக்கக் களப்புகளில் முதலை உண்டு. அங்கே வலை வீசுகிற அண்ணன்மாரிடம் கேட்காமல் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது, காற்றில் தண்ணீர் சிலிர்த்துக் கிடந்தால் எதுவும் தெரியாது. கச்சான் நாளில் சின்ன ரப்பர் படகு, கயாக் எதையும் கடலுக்கு இறக்காதீர்கள். கரையில் நின்றால் கடல் அமைதியாகத்தான் தெரியும். ஐந்நூறு மீற்றர் வெளியே போனபிறகு திரும்பத் துடுப்பு வலிக்க ஏலாது.

வாடைக்காலத்தில் வரலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னே சொல்லிவிடுகிறேன். நவம்பர், டிசம்பரில் காற்று கடலிலிருந்து நேரே முகத்துக்கு, மழை வேறு. முகத்துவாரம் உடைத்துக்கொண்டு ஓடுகிற நேரம் அதன் ஓரத்து மணல்மேட்டில் நிற்பவனை மணலோடு சேர்த்துக் கொண்டுபோகும். 1978ஆம் ஆண்டுச் சூறாவளி இங்கே அடித்ததும் நவம்பரில்தான்.

பண்டாரவளை ரீல்:

9 வெய்ட் லைன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்பது என் கருத்து. முதல் 30 அடியின் நிறை 8 வெய்ட்டுக்கு 210 கிரெய்ன், 9 வெய்ட்டுக்கு 240. அந்த 30 கிரெய்ன் கிட்ட வீசும்போது ரொட்டை நன்றாக வளைக்கும், உண்மை. ஆனால் மிதக்கும் லைன் நிறை கூடக் கூடத் தடிக்கும், காற்று பிடிப்பதும் தடிப்பைத்தான். காசு செலவழிக்கிறதென்றால் அதே 8 வெய்ட்டில் இன்டர்மீடியட் லைன் வாங்குங்கள். செக்கனுக்கு ஒன்றிரண்டு அங்குலம் தாழும். நிறை ஒன்றே, உடம்பு மெலிசு, காற்றை வெட்டிக்கொண்டு போகும். தண்ணீரில் விழுந்ததும் அலைக்குக் கீழே போய்விடும். மிதக்கும் லைன் அலைக்கு அலை ஏறி இறங்கித் தொய்வு விழும், மீன் கடித்தது கைக்கு வராது. ஒரு குறை: தாழ்ந்த லைனை நேரே தூக்கி வீச முடியாது. கிட்ட இழுத்து, பின்வீச்சு இல்லாத உருட்டு வீச்சால் மேலே கொண்டுவந்த பிறகுதான் அடுத்த வீச்சு.

லீடர் 9 அடி இந்தக் காற்றுக்கு நீளம். 40 இறாத்தலில் 3 அடி, 30இல் 2 அடி, 20இல் 2 அடி, மொத்தம் 7 அடி. 16 இறாத்தலை வீட்டில் வையுங்கள், பாறையும் மட்டியும் உரசினால் நிற்காது. நுனியில் ஃப்ளையை இறுக்கிக் கட்டாமல் வளைய முடிச்சுப் போட்டால் அசைந்து நீந்தும். சீலா மீன் திரிகிற இடமென்றால் கடைசியில் ஒரு சாண் மெல்லிய கம்பி, இல்லாவிட்டால் ஒரு கடியில் ஃப்ளை போய்விடும்.

ஃப்ளை: 1/0 அளவு முள், ஈயக் கண் வைத்த கிளவுசர் என்கிற சின்ன மீன் மாதிரி ஃப்ளை, வெள்ளையும் பச்சைமஞ்சளும். மயிரை அள்ளி வைக்காதீர்கள். எல்லாம் சேர்த்து நசுக்கிப் பிடித்தால் தீக்குச்சித் தடிப்புக்கு மேல் போகக்கூடாது. தண்ணீர் குடிக்கிற இறகும் பஞ்சும் வைத்த பெரிய ஃப்ளை நனைந்த சாக்கு மாதிரிப் பறக்கும். ஈயக் கண்ணுக்கு வீச்சைக் கொஞ்சம் மாற்றவேண்டும்: பின்வீச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகக் கொண்டுபோய், நிறுத்தாமல் வட்டமாகத் திருப்பி, முன்வீச்சைத் தலைக்கு மேலாக விடுங்கள். லைன் எந்த இடத்திலும் தொய்யாததால் ஃப்ளை திடீரென்று கீழே விழாது. விழுந்து ரொட்டில் ஒருமுறை பட்டாலே போதும். கார்பனில் மயிரிழைக் கீறல் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த நல்ல மீனுக்கு அந்த இடத்தில் முறியும்.

மலைநாட்டுக்காரர் எல்லோரும் செய்கிற பிழை ஒன்று: கடித்ததும் ட்ரவுட்டுக்குத் தூக்குகிற மாதிரி ரொட்டை மேலே தூக்குவது. பாரையின் வாய்க்கு அது போதாது. ரொட் நுனியைத் தண்ணீருக்குள் ஒரு சாண் அமிழ்த்தி மீனை நேரே காட்டிக்கொண்டிருங்கள், கடித்ததும் இடது கையால் லைனை நீளமாக இழுங்கள். முள் ஏறிய பிறகுதான் ரொட். நுனி தண்ணீருக்குள் இருந்தால் காற்று லைனை வில்லாக வளைப்பதும் நிற்கும்.

இழுத்த லைனைக் காலடியில் போட்டால் கச்சான் அதை அள்ளிக்கொண்டு போய் அடம்பன் கொடியில் சுற்றிவிடும். இடுப்பில் பேசின் கட்டவேண்டும். கடையில் விற்கிற ஸ்ட்ரிப்பிங் பாஸ்கட் நமக்குக் கட்டுப்படியாகாது. பாத்திரக் கடையில் ஒரு நீள்சதுரப் பிளாஸ்டிக் பேசின் வாங்குங்கள். அடியில் சூடாக்கிய ஆணியால் நாலங்குலத்துக்கு ஒரு துளை. துளைக்குத் துளை ஒரு கேபிள் டையைக் கீழிருந்து மேலே குத்தி, மூன்று விரல் உயரம் நிற்கிற மாதிரி வெட்டுங்கள். வெட்டிய நுனியைத் தீயில் லேசாகக் காட்டி மழுக்கவேண்டும், இல்லாவிட்டால் லைனைக் கீறும். அந்தக் கம்பங்களுக்கு நடுவில் லைன் அடுக்கு அடுக்காக விழுந்து ஒன்றோடொன்று சிக்காது. துளையின் மிச்ச இடைவெளியால் மழைத்தண்ணி வடியும். பெல்ட்டுக்குச் சாமான் கட்டுகிற இழுபடும் கயிறு. கொழுந்துக்குப் போகிறவர்கள் படங்கு கட்டுகிற இடத்தில், இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே கட்டினால் கைக்குச் சரியாக வரும்.

டிக்கோயா தூண்டில்:

அண்ணன்மாருக்கு நன்றி. கம்பத்தில் கட்டி இழுத்ததில் சுருள் போய்விட்டது, முடிச்சும் குறைகிறது. இன்டர்மீடியட் வாங்குகிறேன். இரண்டு கேள்வி: இடி மின்னல் வந்தால் எப்போது விடுவது? முள் உடம்பில் ஏறினால்?

மஸ்கெலியா மூடுபனி:

காற்றோடு மல்லுக்கட்டலாம், மின்னலோடு கூடாது. கார்பன் ரொட் மின்சாரம் கடத்தும். வெட்டவெளியில் 9 அடி உயரத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்தான் அந்தக் கரையிலேயே உயரமான ஆள்.

மின்னலைக் கண்டதும் எண்ணுங்கள். இடி மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் வரும். முப்பது எண்ணுவதற்குள் கேட்டால் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது என்று கணக்கு, ரொட்டைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை திரும்பக்கூடாது. எண்ணுவதற்கு முன்பே லைன் உஸ் என்று இரைந்தாலோ கைமயிர் எழும்பினாலோ நேரமில்லை, அந்த இடத்திலேயே ரொட்டை விட்டெறியுங்கள். கல்வீடு அல்லது தகரக் கூரை போட்ட வான், கார் பாதுகாப்பு. ஓட்டோவின் சீலைக் கூரையும் கரையில் இருக்கிற ஓலை வாடியும் தென்னைமரத்தடியும் பாதுகாப்பல்ல.

ஆகஸ்டில் கிழக்கிலும் ஊவாவிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்குப் பிறகுதான். வளிமண்டலவியல் திணைக்கள அறிக்கையைக் காலையில் பாருங்கள், மேற்கே மலைப்பக்கம் முகில் கோபுரமாக எழும்புகிறதா என்று கண்ணாலும் பாருங்கள்.

முள்ளுக்கு முதல் மருந்து, புறப்படும் முன்பே குறட்டால் ஒவ்வொரு முள்ளின் எதிர்ச்செதிலையும் நசுக்கி மழுக்கிவிடுவது. அப்படிச் செய்தால் ஏறிய வழியே வெளியே வரும். நசுக்காத முள் கையிலோ முதுகிலோ ஏறினால்: லீடரை வெட்டிவிடுங்கள். 20 இறாத்தல் தங்கூசியை இரண்டாக மடித்து முள்ளின் வளைவில் மாட்டுங்கள். ஒரு விரலால் முள்ளின் காதுப் பக்கத்தைத் தோலோடு சேர்த்துக் கீழே அமுக்கிக்கொண்டே, தோலுக்கு ஒட்டினாற்போல் வெடுக்கென்று இழுக்கவேண்டும். தயங்கி மெல்ல இழுத்தால்தான் கிழிக்கும். இழுக்கிற திசையில் ஆள் நிற்கக்கூடாது. கண், கழுத்து, மூட்டுப் பக்கம் ஏறினால் தொடாமல் ஆஸ்பத்திரி. எப்படியிருந்தாலும் ஏற்பு ஊசி போட்டு எத்தனை வருடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியும் தொப்பியும் காற்று நாளில் கழற்றவே கூடாது.

பண்டாரவளை ரீல்:

திரும்பி வந்த பிறகு நடப்பதையும் சேர்த்துவிடுகிறேன், ரீல் சாவது அங்கேதான். தங்கும் இடத்திலேயே, அன்றன்றைக்கு நல்ல தண்ணியில் கழுவுங்கள். கழுவும்போது ட்ராக்கை (ரீலின் பிரேக்கை) முழுதாக இறுக்கிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தண்ணி உள்ளே போகும். குழாயை வேகமாகத் திறந்து பீச்சாமல், மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். கழுவிக் காய்ந்ததும் ட்ராக்கைத் தளர்த்துங்கள். ரொட் மூட்டுகளை ஒருநாளும் பூட்டியபடியே விடக்கூடாது. ரீலில் லைனுக்கு அடியில் சுற்றிய பேக்கிங் நூல் வரை உப்பு ஊறியிருக்கும், முழுவதையும் ஒரு வாளித் தண்ணியில் உருவிப்போட்டு ஊறவிடுங்கள்.

கல்லடியில் ஒரு வெயிலில் காய்கிற சாமான் டிக்கோயாப் பனியில் ஒரு வாரமானாலும் காயாது. உறைக்குள் ஈரத்தோடு மூடினால் கோர்க் பிடியில் பூஞ்சணம், முள்ளில் துரு. அதற்காக அடுப்புக்கு மேலே தொங்கவிடவும் வேண்டாம், சூட்டில் லைன் பூச்சு இளகும். காற்றோட்டமான அறையில் உறையைத் திறந்து வைத்தால் போதும். கொசுவுக்குப் பூசுகிற டீட் மருந்தும் அந்தப் பூச்சைக் கரைக்கும். கையில் பூசினால் உள்ளங்கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே லைனைத் தொடுங்கள்.

டிக்கோயா தூண்டில்:

நாளைக்கு ஹட்டனுக்குப் போகிறேன். பேசின் என்ன அளவு?

பண்டாரவளை ரீல்:

நீளம் 40 சென்றிமீற்றர், ஆழம் 15. வட்டப் பேசின் வேண்டாம், நடக்கும்போது தொடையில் சுழலும். ஓரம் வெளிப்பக்கம் மடிந்ததாகப் பார்த்து எடுங்கள், மடிப்பில்லாத ஓரத்தில் பெல்ட் துளை இரண்டாம் நாளே கிழியும்.